பதினோராம் பக்கம்

எல்லிஸ் ரோட்டில் எங்கள் கடைக்கு வரும் காகிதமெல்லாம்
உண்மை மட்டுமே பேசும்.
ஆதார், வில்லங்கம், மாற்றுச் சான்றிதழ்,
செத்துப்போனவர் பெயரில் இன்னும் வரும் கரண்ட் பில்.
நான் எதையும் படிப்பதில்லை.
முகம் கறுப்பாக விழுகிறதா, முத்திரை தெரிகிறதா,
அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் இரண்டு பேர்.
ஃபர்ஹானா, ஜாம்பஜார் பக்கம் வீடு,
கல்லூரி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தாள்.
கூட வந்தவன் எபினேசர், வியாசர்பாடி,
நகக்கண்ணெல்லாம் மசி.
பதினாறு தாள், நாற்பது பிரதி, ஓரத்தில் இரண்டு பின்.
"கதைங்க" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.
"படமும்" என்றான் அவன், விட்டுக்கொடுக்காமல்.

நான்காம் தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது
கண் போய்விட்டது.
தண்ணி லாரி. டிரைவருக்கு மூன்று கை.
"தப்பா விழுந்திருக்கே தம்பி."
"ரெண்டு கைதான்னு கதையில எழுதலையேக்கா."

எதற்கும் ஒன்று கூடுதலாக ஓட்டுவது என் வழக்கம்.
பதினோராம் தாளில் மெஷின் திக்கியது.
பக்கக் கதவைத் திறந்து சூட்டோடு இழுத்தேன்,
விசிறிபோல மடிந்து, மசி ஈஷிக்கொண்டு வந்தது.
நாற்பதும் சரியாகக் கொடுத்தனுப்பினேன்.
மிஞ்சியது ஒரு பிரதி, பதினோராம் பக்கம் இல்லாமல்.
குப்பைக்குப் போக வேண்டியது
எப்படியோ டிபன் பைக்குள் போனது.

சேப்பாக்கத்தில் ரயில் ஏறினேன்.
ராத்திரி மூன்று மணி, புளியந்தோப்பில் ஒரு லாரி.
காசு வாங்காது. குடத்துக்கு ஒரு பொய்.
என் மாமியார் பறப்பாள் என்கிறாள் ஒருத்தி, குடம் நிறைகிறது.
என் காத்தாடி மாட்டி நிலா கிழிஞ்சிடுச்சு என்கிறான் ஒரு பையன்,
அவனுக்கு இரண்டு குடம்.
மூன்றாவது கை எதற்கென்றால்
பொய்யை எடை பார்க்க.
எட்டாவதாக நின்றவளுக்குப் பொய்யே வரவில்லை.
பின்னால் இருப்பவர்கள் கத்துகிறார்கள்.
அவள் வாயைத் திறந்தாள்

திருப்பினால் பன்னிரண்டு.
லாரி போயிருந்தது. தெரு நனைந்திருந்தது.
பெருங்குடியில் இறங்க வேண்டியவள்
வேளச்சேரி வரை போய்விட்டேன்.

மறுநாள் விடியற்காலை எங்கள் தெருவில் நிஜ லாரி.
குழாயை வைத்திருந்த ஆளின் கைகளை எண்ணினேன்.
இரண்டுதான்.
என் முறை வந்தது, என்ன சொல்வதென்று
ஒரு நொடி பயந்தே போனேன்.

ஐப்பசி மழையில் திரும்ப வந்தார்கள்,
பாலிதீனில் சுற்றிய புதுக் கதையோடு.
தாளை வாங்காமல் கேட்டேன்:
"அந்த எட்டாவது குடத்துக்காரி என்ன சொன்னா?"
ஃபர்ஹானா அவனைப் பார்த்தாள்.
"நீங்க படிச்சீங்களா?"
ஆண்டவர் மேல் ஆணையாக, அவள் கேட்ட மாதிரி
எவரும் என்னை எதுவும் கேட்டதில்லை.
நாற்பதில் முப்பத்தாறு
அவள் கட்டிலுக்கடியில் கிடக்கிறதாம்.

"பதினொண்ணை மெஷின் தின்னுடுச்சு" என்றேன்.
"நீங்க என்ன நெனச்சீங்க, அதைச் சொல்லுங்க."
கடையில் ஆள் நின்றார்கள். இருந்தாலும் சொன்னேன்:
"எனக்குத் தாகமே இல்லைன்னு சொல்லியிருப்பா."

மழை சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
அதுதான் எழுதியிருந்தாளா, வேறா,
அவள் சொல்லவில்லை, நானும் விட்டுவிட்டேன்.
உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டாள்.
எபினேசர்தான் பேனாவைத் திறந்தபடி கேட்டான்,
"அவ குடம் என்ன கலருக்கா?"
"பச்சை" என்றேன், எங்கள் வீட்டுக் குடத்தை நினைத்து.
பிறகுதான் உறைத்தது,
எங்கள் மெஷினுக்குக் கறுப்பைத் தவிர
ஒரு நிறமும் தெரியாது.

"பரவால்ல" என்றான், வரைய ஆரம்பித்திருந்தான்.
"ஆதார், ரெண்டு பக்கமும்" என்றார்
பின்னால் நின்ற பெரியவர், மூன்றாவது தடவையாக.