சும்மாவே விழும்

கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டினால்
முதல் கடை ஆறுச்சாமியுடையது.
கிளிப் மாட்டிய கயிற்றில் லாட்டரிச் சீட்டுகள்
மழைக்கு முந்தின காற்றில் படபடக்கும்.
மேலே தகரப் பலகை, இரண்டு மொழியில்:
முதல் பரிசு இங்கே விற்ற சீட்டுக்கு.
எந்த வருஷம் என்று போடவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்
பலகையைப் பார்த்துவிட்டுத்தான்
சட்டைப்பையில் கைவிடுகிறார்கள்.
எத்தனை சீட்டு விற்றீர்கள் என்று
ஒருவரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை.
டீ குடித்துவிட்டு
நைட்ரஜன் குடுவையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
ஜீப்பில் போய்விட்டேன்.

தெய்வாத்தாள் தோப்பில் வேர்வாடல்.
ஓலைகள் உள்ளுக்குள் வளைந்து
பட்டினி மாட்டின் விலா மாதிரி நின்றன.
நோய்ப்பட்ட மரம் ஆறு, தெளிவான மரம் ஆறு.
குருத்தில் விரற்கடை நறுக்கி
புகைகிற குடுவைக்குள் போட்டேன்.
"சாம்பிராணியா கண்ணு?" என்றார்.

ஐந்து மாதம் கழித்துத் திரையில்
இருபதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மரபணுக்கள்.
ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி:
நோய் வந்தபோது உன் குரல் உயர்ந்ததா, தாழ்ந்ததா,
எப்போதும் போலத்தானா?
ஆயிரத்து நூற்று எண்பத்தேழு கை தூக்கின.

அதில் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது.
மரத்துக்குள் கசப்பு சுரக்க வைக்கிற ஒன்று.
பி-மதிப்பு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று.
அதற்குப் படம் வரைந்தேன், அம்புக்குறி போட்டேன்,
ராத்திரி விழித்து இன்னொரு அம்பும் போட்டேன்.
தெய்வாத்தாளுக்கு போன் செய்து
கிடைச்சிருச்சுங்க என்றும் சொல்லிவிட்டேன்.

மைமூன் சித்தூர்க்காரி,
எங்கள் ஆய்வகத்தில் கணக்கு மட்டும் பார்ப்பவள்.
படத்தைப் பார்க்கவே இல்லை.
"எத்தனை சீட்டு எடுத்தே?" என்றாள்.

எந்த மரத்துக்கும் எந்த நோயும் இல்லாவிட்டாலும்
நூற்றுக்கு ஐந்து கை தூக்கும்.
சும்மாவே ஆயிரத்து இருபது.
நான் கொண்டாடிய புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்றுக்குள்
சும்மாவே அறுபத்தொன்று விழும்.
என் செல்லம் அந்த வரிசையில் எழுபதாவது.

சிறியது முன்னால் வர நிற்க வைத்தோம்.
முதல் ஆளுக்கு ஊசிக்காது அளவு வாசல்,
அடுத்ததற்கு அதைப்போல் இரண்டு பங்கு,
மூன்றாவதற்கு மூன்று.
எழுபது பங்கு திறந்துவிட்டும்
என் செல்லத்தின் தோள் இடித்தது.
அதன் உடம்பு வாசலைப்போல் பதினேழு மடங்கு.

நான்கு நுழைந்தன.
நான்குக்கும் பெயரில்லை.
செயல் அறியப்படாத புரதம் என்று
பட்டியலில் நான்கு தடவை.

அம்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
எத்தனை போட்டிருந்தேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.

வைகாசியில் போனபோது
மூன்று மரம் அடிக்கட்டையாக இருந்தது.
"கெடைச்சிருச்சுன்னு சொன்னீங்களே?"
இல்லீங்க, தப்பு.
"அப்ப ஒண்ணுமே இல்லீங்களா?"
நாலு இருக்குது. என்னன்னு தெரியலைங்க.
இன்னும் முப்பது மரம் வேணும்.
தோப்பை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.
"வெட்டறதுக்கா?"
ஓலை மட்டும்.
அதற்கும் அவர் உடனே தலையாட்டவில்லை.

திரும்பும் வழியில் மணி மூன்றாகப் போகிறது,
குலுக்கல் நேரம், ஆறுச்சாமி கடையில் கூட்டம்.
பலகைக்குப் புதுப் பெயிண்ட்.
வருஷம் இன்னும் போடவில்லை.
எத்தனை சீட்டு விற்றீர்கள் என்று கேட்டேன்.
"எடுக்கறீங்களா இல்லையா?" என்றார்.