சால்னாப் பை

முக்கில் நின்ற இரும்புத் தொட்டியை
ஒரு செவ்வாய்க்கிழமை லாரியில் ஏற்றிப் போனார்கள்.
அது நின்ற இடத்தில்
கட்டில் அகலத்துக்கு வெளுத்த தரை.
நாய்கள் இரண்டு நாள் அதைச் சுற்றி வந்தன.
மூன்றாம் நாள் எங்களைப் போலவே
நின்று யோசித்தன.

மக்குவது பச்சை வாளி.
மக்காதது நீல வாளி.
வில்லாபுரத்தில் எங்கள் குறுக்குத் தெருவில் மட்டும்
பட்டதாரிகள் எட்டுப் பேர்.
முட்டை ஓடு எதில் சேரும் என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
ரிட்டயர்ட் கண்டக்டர் செவந்தியப்பன்
"கேட்டுச் சொல்றேன்" என்று
யாருக்கோ போன் போட்டார்.
யாருக்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆறே முக்காலுக்கு பேட்டரி வண்டி.
முதலில் பாட்டு வரும், பிறகுதான் வண்டி.
பாட்டில் ஒரு குரல் குழைந்து குழைந்து
நகரைத் தாய் என்கிறது.
வண்டியில் வரும் ஒச்சம்மா
"வெரசாக் கொண்டாங்க" என்கிறாள்.
அவளுக்குக் கொடுத்த கையுறை
ரெண்டுமே இடது கைக்கானது.
வலது கட்டைவிரல் அதற்குள்
வழி தெரியாமல் மடங்கிக் கிடக்கும்.

மல்லி மக்கும். கட்டிய நூல்?
"நாருன்னா பச்சைல போடுங்க, இது நைலானு."
ராதாபாய் வெள்ளிக்கிழமைச் சரத்தை
சனிக்கிழமை விடிய வாசற்படியில் உட்கார்ந்து
பூப்பூவாக உருவுகிறாள்.
கட்டினவளுக்கு முழத்துக்கு இவ்வளவு என்று உண்டு.
பிரிக்கிறவளுக்கு என்ன இருக்கிறது?

முன்பெல்லாம்
கறுப்புக் கேரி பேக், மேலே ரெண்டு முடிச்சு.
வீட்டுக்குள் நடந்ததெல்லாம் அதோடு போய்விடும்
வெள்ளைக்கல்லுக்கு.
(காற்று திரும்பும் மாதங்களில்
கொஞ்சம் திரும்பி வரும், அது வேறு.)
இப்போது வாளிகள் வாயைத் திறந்து நிற்கின்றன.
செவந்தியப்பன் வாளியில் குவார்ட்டர் பாட்டில்.
"மூட்டு வலிக்குத் தேய்க்க" என்றார்,
கேட்காதவர்களிடம்.
எதிர்வீட்டு டெய்லர் காதர் மைதீன் வாளியில்
மாத்திரை அட்டைகள் வாரத்துக்கு வாரம் கூடின.
தெருவே எண்ணியது.
கேட்கத்தான் யாருமில்லை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.
மார்ச் கடைசி, கணக்கு முடிக்கிற வாரம்,
வீடு வரும்போது மணி பதினொன்று.
இலையில் மடித்து, பேப்பரில் சுற்றிய பரோட்டா.
பாதி மிஞ்சிய சால்னாப் பை.
இலை பச்சை. பை நீலம்.
பைக்குள் இருப்பது பச்சை.
பேப்பர் மக்கும், ஆனாலும் நீலம் என்கிறார்கள்;
எண்ணெய் குடித்த பேப்பர்?
ரப்பர் பேண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் நின்றேன்.
பிறகு எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து
செருப்பில்லாமல் நடந்து போய்
அந்த வெளுத்த தரையில் வைத்தேன்.
எறியவில்லை, வைத்தேன்.

காலையில் ஒச்சம்மா
அதே பையை என் வாசலில் இறக்கினாள்.
உள்ளே கூரியர் கவரில்
என் பெயர், கதவு எண், பின்கோடு.
வாளியோடு ஐந்து பேர் நிற்கிறார்கள்.
எனக்குக் காது சுட்டது.
அவள் குரலை இறக்கி
"கோழிச் சால்னாவா, வெறுஞ்சால்னாவா?"
"வெறும்."
"அதான் நாய் தொடல."

அன்றிலிருந்து பையைக் கழுவுகிறேன்.
ஜாக்கெட்டுக்கும் துண்டுக்கும் நடுவில்
கிளிப் போட்டுக் கொடியில் காய்கிறது
கழுவிய குப்பை.

நேற்று ராத்திரி அந்தத் தரையில்
வேறொரு கறுப்புப் பை.
பிரித்துப் பார்க்கவே வேண்டாம்:
சுற்றிச் சுற்றித் தையல் நூல்,
முடிச்சு பல்லால் கடித்து அறுத்தது.
எடுத்து வந்து சமையலறை விளக்கில் பிரித்தேன்.
வெட்டுத் துணி கொஞ்சம்.
அட்டைகள் முப்பத்தொன்று.

காலையில் அவை என் நீல வாளியில்.
ராதாபாய் எட்டிப் பார்த்து
"உடம்புக்கு என்ன?" என்றாள்.
"ஒண்ணுமில்ல, சத்து மாத்திரை."

ஒச்சம்மா வாளிக்குள் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
எதிர்வீட்டுச் சாத்திய கதவைப் பார்த்தாள்.
வண்டிக்குப் போய்
பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.