முதல் எழுத்து

மணி ஐந்தே முக்கால்.
பகாவில் எண்ணெய் ஆலையின் நெடி
வேன் கண்ணாடியில் ஈரமாக உட்கார்ந்திருக்கிறது.
துடைத்துவிட்டுக் கிளப்புகிறேன்.
மாசம் எழுபது வெள்ளி, அண்ணன் தம்பி என்றால் அறுபது.
பர்மிட்டில் இருக்கை பதிமூன்று.
கணக்கில் நான் மோசம் என்று
போலீஸ்காரருக்குத் தெரியும்.

முதல் இறக்கம் தமிழ்ப்பள்ளி. ஆறு ஆண்டு இங்கே.
இந்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு மூன்று பேர்,
மூன்று பேரும் என் வேன்.
டயர் பஞ்சரானால்
ஒரு வகுப்பே மட்டம்.

இரண்டாவது, மூன்றாவது மைலில், இடைநிலைப்பள்ளி.
மலாய்ப்பள்ளிப் பிள்ளை நேரே படிவம் ஒன்றுக்குப் போகும்.
நம் பிள்ளைக்கு மலாய் போதவில்லையென்றால்
இடையில் ஒரு படி உண்டு: புகுமுக வகுப்பு.
ஒரு வருஷம்
செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பதுபோல.

லோகேந்திரன் அந்த வருஷத்தில் இருக்கிறான்.
பக்கத்து சீட்டு ஹாஃபிஸ் கேட்கிறான்,
"உனக்கும் எனக்கும் ஒரே வயசுதானே?"
ஒரே வயசுதான். நாலு நாள் இவன் பெரியவன்.
ஜன்னலைத் திறக்கிறான், மூடுகிறான்,
திறக்கிறான்.

எண்பத்தெட்டில் நானும் அங்கே உட்கார்ந்தவள்.
வருஷம் முழுக்கச் சொற்கள்.
சிக்கு ரொஹானி பஹாசா என்றார்,
பாஷை என்று காதில் விழுந்தது.
குரு, குருவேதான்.
மாணவர் விடுதிக்கு அஸ்ராமா.
ஆசிரமம் என்றால் தாடி வளர்க்கணுமா என்று கேட்டு
வெயிலில் நின்றேன்.
பல்கலைக்கழகத்தில் படிப்பவன் மகாசிஸ்வா,
சிஷ்யனுக்கு முன்னால் ஒரு மகா.
எல்லாம் சொந்தக்காரச் சொற்கள்தான்,
கல்யாண வீட்டில் எதிரே வந்தும்
பார்க்காததுபோல் போகிற சொந்தம்.
படிவம் மூன்று பரீட்சையோடு
நான் இறங்கிவிட்டேன்.

மூன்றாவது இறக்கம் பன்னிரண்டு மைல் தள்ளி, படிவம் ஆறு.
போன வருஷம் அதற்கு ஒரே ஆள், குணவர்த்தினி.
எஸ்.பி.எம் முடிந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது.
மெட்ரிகுலேஷன் ஒரு வருஷம்.
படிவம் ஆறு ஒன்றரை வருஷம், பரீட்சைமேல் பரீட்சை.
இரண்டும் ஒரே வாசலுக்குத்தான் என்கிறார்கள்.
யார் எதில் போவது என்று எழுதிய பலகையை
எட்டு வருஷமாக இந்த ரோட்டில் தேடுகிறேன்.
அவள் முதலாவதைக் கேட்டாள்,
இரண்டாவதில் ஏறினாள்.
ஒற்றைப் பிள்ளையோடு வேன்
செம்மண் திருப்பத்தில் கனமில்லாமல் குதிக்கும்.
டீசலுக்குக் கட்டாது.
போவேன்.

இன்று விண்ணப்ப முடிவு.
மருந்துக்கடையில் பாதி நாள் லீவு கேட்டு வந்திருக்கிறாள்.
லயத்தில் லைன் கிடைக்காது,
பள்ளி மேட்டில் கிடைக்கும்.
பழைய இருக்கையில் உட்கார்ந்தாள். மேட்டில் நிறுத்தினேன்.
கைப்பேசியில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.

எந்தக் கடிதமும் இரண்டு சொல்லில் ஒன்றோடுதான் தொடங்கும்,
அந்த ஒரு வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது.
சுக்காச்சித்தா: அதில் சுகம்.
டுக்காச்சித்தா: அதில் துக்கம்.
மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்.
முதல் எழுத்தை எடுத்துவிட்டால்
இரண்டும் ஒன்றே.

அவள் சரியாக அந்த எழுத்தின் மேல்
கட்டைவிரலை வைத்திருந்தாள்.
"அக்கா, நீங்க பாருங்க."
நான் கண்ணாடி போடவில்லை என்றேன்.
போட்டுத்தான் இருந்தேன்.

விரல் நகர்ந்தது.
சுகம்.
ஏழாவது விருப்பம். மீன்வளம். கடலுக்கு அந்தப் பக்கம் சபாவில்.
கேட்டது மருந்தியல்.
"நாங்க வீட்டில் மீனே வாங்குறதில்ல" என்றாள்,
சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை,
பிறகு விமான டிக்கெட் என்ன விலை என்று கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்.
பன்னிரண்டு ஐம்பது.
வண்டியைத் திருப்பினேன்.
தமிழ்ப்பள்ளி வாசலில் மூன்று பேர் நிற்பார்கள்,
முதலாம் ஆண்டு மொத்தமும்,
வெயிலில்.