முப்பது மைக்ரான்

கல்லில் நார் உரிப்பது என்பார்கள்
நடக்காத காரியத்தை.
நான் கல்லில் கண்ணாடி உரிப்பவன்.
டாலின் நகரில், ஆய்வுக்கூடத்தின் கீழறையில்.
சன்னலில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும்.
ரம்பத்தில் அறுத்து, பிசினில் ஒட்டி,
சாணைத்தட்டில் பொடி தூவித் தேய்த்துத் தேய்த்து
ஒளி உள்ளே நுழையும்வரை தேய்ப்பேன்.
முப்பது மைக்ரான்.
அதற்கு மேல் கல் வாய் திறக்காது.
அதற்குக் கீழே போனால் கல்லே இருக்காது.

எல்லைக் காவலர்கள் மூட்டை கட்டிய முதல் கோடை.
தீவிலிருந்து ஊர்வே அனுப்பினாள்
செய்தித்தாளில் சுற்றிய ஏழு கற்கள்.
நொறுங்கி, நொறுங்கியதே ஒட்டி
மறுபடி கல்லான கற்கள்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
"கரையெங்கும் கிடக்கின்றன, மாடுகள் படுத்ததுபோல.
தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை.
இவை இங்கே பிறந்தவை அல்ல."

நாலாம் எண் கல்.
நுண்ணோக்கியில் வைத்தேன்.
குவார்ட்ஸ் மணி ஒன்றின் உடம்பெங்கும் கோடுகள்,
நெருக்கமாக, நேராக,
சீப்பு வாரிய ஈரத்தலைபோல.
வயிறு கலங்கியது.
இருபத்திரண்டு வருடத்தில் என் சாணை
இப்படிக் கீறியதில்லை.
சில்லை இரண்டாக ஒடித்துக்
குப்பைக்கூடையில் போட்டேன்.
மேலே பழைய செய்தித்தாளையும் போட்டேன்.

மறுநாள் புதுப் பொடி, புதுத் தட்டு.
குறுக்கே தேய்த்தேன். கோடுகள் இருந்தன.
இன்னொரு துண்டு, வட்டமாகத் தேய்த்தேன்.
இருந்தன. அவற்றை வெட்டிக்கொண்டு
இரண்டாவது வரிசையும் இருந்தது.
மணியின் விளிம்போடு நின்றன.
பிசினில் ஒரு கீறல் இல்லை.
பக்கத்து மணியில் வேறொரு சாய்வு.

கை தப்பவில்லை என்று தெரிந்ததும்
வந்த நிம்மதி வெட்கக்கேடு.
வானம் இடிந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டே
வேலை போகாது என்று மூச்சு விட்டேன்.

எரிமலைக்கு இந்தக் கையெழுத்து வராது.
பூகம்பத்துக்கு இவ்வளவு அவசரம் கிடையாது.
இமை பாதி இறங்குவதற்குள்
ஒரு படிகத்தின் அடுக்குகளைச் சரிய வைப்பது
மேலிருந்து வருவது மட்டும்தான்.

சரி, விழுந்தது எங்கே?
ஊர்வே முட்டி போட்டுத் தீவின் தரையைத் தடவினாள்.
பாறையில் பனியாற்றின் நகக்கீறல்கள்,
எல்லாம் வடகிழக்கிலிருந்து.
அடிமேல் அடித்தால் அம்மி நகரும்;
கிலோமீட்டர் உயரப் பனி தள்ளினால்
மலை துண்டு துண்டாக நகரும்.
கற்கள் வந்த வழியே
வரைபடத்தில் அளவுகோலைத் திருப்பி வைத்தாள்.
பென்சில் கடலில் இறங்கியது.

படகுக்காரன் ஹெல்டுர் சிரித்தானாம்.
"அந்த மேடா? வலையைக் கிழிக்கிற இடம்.
அதற்குக் கஞ்சன் என்று பெயர்,
பிடித்ததைத் திருப்பித் தராது."
ஒலிமானியின் தாளில் ஒரு மதில் எழுந்தது,
வளைந்தது, இன்னும் வளைந்தது.
பாதி வட்டத்தோடு நின்றுபோனது.
மீதியைப் பனி தின்றிருக்க வேண்டும்.

அக்டோபரில் ரைவோ மூழ்கினான்.
முப்பது மீட்டர், நாலு டிகிரி,
தன் கையே தெரியாத பச்சை இருட்டு.
சுத்தியலால் தட்டி எடுத்த முட்டையளவு துண்டு
என் மேசைக்கு வந்தபோது
கடற்பாசி வாடை அடித்தது.

தேய்த்தேன்.
நாலாம் எண்ணையும் அதையும்
மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.
பிறகு மாடிக்கு ஓடினேன், கையில் சேறோடு.
ஊர்வே குனிந்து பார்த்தாள்.
வெகுநேரம் நிமிரவில்லை.
"தேநீர் ஆறிவிட்டது" என்றாள் கடைசியில்.

ஐம்பது கோடி ஆண்டு என்று அறிக்கை எழுதினார்கள்,
கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ.
முதல் சில்லைப் பற்றி மட்டும்
நான் யாரிடமும் சொல்லவில்லை.
நகரத்துக் குப்பைமேட்டில் எங்கோ
நகமளவுக் கண்ணாடியில் ஒடிந்து கிடக்கிறது அந்த நொடி.
பனி செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.
நாளை தோண்டுகிற எவளோ
அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
இங்கேதான் விழுந்தது என்று
குப்பையைச் சுற்றி வட்டம் போடுவாள்.