நூற்றிநாலு வாய்

சங்ககிரி லாரியில் வந்து இறங்கியது
குஜராத்தில் உடைத்த கப்பலின் உயிர்காப்புப் படகு.
இருபத்திரண்டு அடி. வெயிலில் வெளுத்த ஆரஞ்சு.
விலாவில் கறுப்பாக: 38 பேர்.
கடல் பார்க்க அரை நாள் பஸ் ஏறவேண்டிய ஊரில்
அதை எங்கே வைப்பது?
சீரங்கன் மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கத்தைப் பிரித்தான்.
மாடு இரண்டு நாள் பால் தரவில்லை.

பெஞ்சுக்கு அடியில் ஒரு டப்பா.
காலாவதியான பிஸ்கட்,
தண்ணீர்ப் பொட்டலங்கள்,
ஒரு விசில்.
"ஒருதடவைகூடத் தண்ணியில இறக்கல,
கொக்கியில தேய்மானமே இல்ல பாரு" என்றான்.
அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும்
எங்கோ சர்க்கரை வியாதி வந்திருக்கும்,
பேரன் பேத்தி பிறந்திருக்கும்.

மரவள்ளி வரத்து நின்றால்
ஜவ்வரிசி ஆலையில் பாய்லர் குளிர்ந்துவிடும்.
பாய்லர்க்காரன் மட்டும் சூடாகவே இருப்பான்.
பழைய கம்ப்ரசரைப் பிரித்து எஞ்சின் ஆக்கினான்.
செவ்வாய்ப்பேட்டையில் பித்தளை விசிறி வார்த்தான்.
பாய்லர் இருபத்தினாலு லிட்டர்,
சட்டத்தின் கண்ணுக்கு ஒரு லிட்டர் கீழே.
பிறகு என்னிடம் வந்தான்.

நான் சிவதாபுரத்தில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவள்.
கூலி கிலோ கணக்கு.
ஆயிரம் கால்களுக்கு ஊதியிருக்கிறேன்,
ஒரு காலையும் பார்த்ததில்லை.

"ஐம்பத்திரண்டு செப்புக்குழாய், காவேரி.
மேல ஒரு வாய், கீழ ஒரு வாய்.
ஒழுகக் கூடாது."
"கொலுசு எங்கேயாவது ஒழுகுமா?" என்றேன்.
சிரிக்காமல் தகட்டை நீட்டினான்.
நூற்றிநாலு துளை, தேனடை மாதிரி.

வெங்காரம் தடவி, பொடி தூவி,
சுடரைச் சாய்த்துப் பிடித்தால்
வெள்ளி ஒரு நொடி யோசிக்கும்.
பிறகு சூடு போன வழியே ஓடும்.
ஊதுகிறவள் சொல்லுக்கு ஓடாது.
எட்டு ராத்திரி ஊதினேன்.
அதில் ஒரு ராத்திரி
பட்டறைக்காரர் போனில் சேதாரக் கணக்குக் கேட்டார்,
பொடி வைத்துப் பேசினார்.
நானும் பொடி வைத்தே பதில் சொன்னேன்,
கை தன்பாட்டில் ஊதிக்கொண்டிருந்தது.

சேர்வராயனில் மூன்று நாள் மழை.
மூக்கனேரி ததும்பியது.
ஏற்காட்டு எஸ்டேட்டில் கழித்த சில்வர் ஓக் கிளைகளை
அவன் தீயில் போட்டான்.
முள் நாற்பதைத் தொட்டது, அறுபதைத் தொட்டது,
விசிறி தண்ணீரைக் கடித்தது.
கொலுசுச் சத்தம் கேட்டதா என்று
எங்கள் தெருவில் கேட்கிறார்கள்.
இல்லை. தையல் மிஷின் சத்தம்,
தூரத்தில் யாரோ அவசரமில்லாமல்
பாவாடை தைப்பதுபோல.
கொக்குகள்கூட எழவில்லை.
கரையின் குப்பை, கோழிக்கடை, கண்ணன்குறிச்சி ரோடு
எல்லாம் பின்னால் நகர்ந்தன.
நான் நகர்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பதினோராவது நிமிஷம்
ஒரு "இஸ்..."
அவன் தீயை வாரி ஏரியில் கொட்டினான்.
புகை, நீராவி, பிறகு அமைதி.
காற்று எங்களை நடுவுக்குத் தள்ளியது.
அந்த விசிலை எடுத்து ஊதினேன்,
எந்தக் கடலிலும் ஊதப்படாத விசில்.

வந்தவர் ஜிலேபி பிடிக்கிறவர்.
லாரி டியூபின் மேல் பலகை, கையே துடுப்பு.
ஆரஞ்சுப் படகை மேலும் கீழும் பார்த்தார்.
"முப்பத்தெட்டுப் பேருன்னு போட்டிருக்கு,
மீதிப் பேர் எங்கே?"
பதிலுக்குக் காத்திருக்காமல்
வலைக்கயிற்றை எங்கள் கொக்கியில் மாட்டினார்.
அதன் முதல் தேய்மானம் அதுதான்.

கொட்டகையில் தகட்டைக் கழற்றி
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
நூற்றிமூன்று வாய் மூடியிருந்தது.
போன் வந்த ராத்திரியின் வாய்
ஊசிமுனை அளவு திறந்திருந்தது.

"நான் அழுத்தம் கூட்டிட்டேன் போல" என்றான் சீரங்கன்.
நான் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.
சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
போனை அணைத்து
மாட்டின் தொட்டிமேல் வைத்தேன்.
வெங்காரம் எடு என்றேன்.