அசையாமல் நின்ற இரண்டு

ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு.
அதன் அடியில்
இரண்டு ஒன்று நான்கு மூன்று ஆறு ஐந்து.
குழாய் வேலை முடிந்த மாலைகளில்
டாம்சின் ட்ரெலோர் மணிகளை எழுதுகிறாள்.

கார்ன்வால். மழை அங்கே செய்தி அல்ல.
தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணி, ஆறு கயிறு.
ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மணி
நின்ற இடத்தில் நிற்கலாம்,
இல்லை, பக்கத்து மணியோடு இடம் மாறலாம்.
தாண்டக் கூடாது. அவ்வளவு கனத்தை
யார் தாண்ட வைப்பது?
அடித்த வரிசையை மறுபடி அடிக்கலாகாது.
மொத்தம் எழுநூற்று இருபது.
அத்தனையையும் தொட்டு வீடு திரும்ப வேண்டும்.

முந்நூற்று அறுபதைத் தாண்டவில்லை,
எந்த வழியாகப் போனாலும்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு
என்று வாசலில் வந்து நிற்கிறது
பாதி ஊரைப் பார்க்காமலே.

கேட்டிருந்தால் கோபுரத்தில் யாரும் சொல்லியிருப்பார்கள்.
மகன் ஜாகோ கைபேசியை நீட்டினான்:
ஒரு நொடி போதும், அம்மா.
ஒரு நொடியை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய, என்றாள்.

ஆறாம் மணியின் போக்கை
நீலப் பென்சிலால் இணைப்பாள்.
சுவருக்குள் வெந்நீர் போகும் தடம்போல்
அது வளைந்து வளைந்து இறங்கும்.
சுண்டுவிரல் ஓரமெல்லாம் கரி.

புதன் இரவு ஹாக்கிங் அம்மாளின் அழைப்பு,
தொட்டிக்கு அடியில் குழாய் வெடித்துவிட்டது.
வால்வை மூடுங்கள், வலப்பக்கம், வலப்பக்கம்,
காலையில் வருகிறேன்.
வாய் சொல்லிக்கொண்டிருக்க
கை எழுதிக்கொண்டிருந்தது.
இடம் மாற வேண்டிய இரண்டு எண்கள்
மேல்வரியில் இருந்தபடியே இறங்கிவிட்டன.

பதினோரு வரி கழித்துத்தான் கண்டாள்.
ரப்பரை எடுத்தாள்.
எடுத்தவள், வைத்தாள்.
இந்த வரிசையை இதுவரை எழுதியதில்லை.
அடுத்ததையும்.
பழைய தாள்களைத் தரையில் பரப்பி
மண்டியிட்டுத் தேடினாள்.
எதிலும் இல்லை.

மாறியபோதெல்லாம் திறக்காத கதவு
இருவர் பேசாமல் நின்றதில் திறந்திருக்கிறது.

அதற்குமேல் தேநீர் இல்லை, நாற்காலியும் இல்லை.
தரையிலேயே எழுதினாள்.
வீடு திரும்ப
அதே தப்பு இன்னொரு முறை தேவைப்பட்டது.
எந்த இடத்தில் என்று பார்க்க ஒன்பது தாள்.
அதை மட்டும் பேனாவால் போட்டாள்,
அழுத்தி.

எழுநூற்று இருபதாவது வரி முடிய
ஜன்னலில் சாம்பல் வெளிச்சம்.
கைபேசியில் தவறிய அழைப்புகள் நான்கு.
எல்லாம் ஹாக்கிங் அம்மாள்.
வால்வு இடப்பக்கமாம்.