நிறம் என்ன என்று கேட்டார்

திருப்பாப்புலியூர் வீட்டுக் கொல்லையில்
சாக்கடைத் தண்ணீர் குடித்து மண்டிய
நெய்வேலிக் காட்டாமணக்கின் இலைமேல்
ஒரு சொட்டுப் பொன்.
போன மாதம் தொலைத்த திருகாணியென்று
கை நீட்டினேன்.
நகர்ந்தது.

விளிம்பெல்லாம் கண்ணாடி,
கால்கள் எங்கே என்றே தெரியவில்லை.

ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி, அடைத்து,
டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துப் போய்
கல்லூரி விலங்கியல் கூடத்துத் தனவேலிடம் நீட்டினால்
உள்ளே கிடக்கிறது
துருப்பிடித்த சட்டைப் பித்தான்.

"ஆமை வண்டுங்க.
மிரண்டா பொன்னு இறங்கிடும்.
செத்தா திரும்பவே திரும்பாது,
மொதல்ல மூடியத் தொறங்க."

நோட்டில் குறிக்க நிறம் கேட்டார்.
காலையிலா, இப்போதா என்றேன்.

திரும்பும்போது கெடிலம் பாலத்தில்
ஒருதரம் எட்டிப் பார்த்தேன்.
இன்னும்
என்னை நம்பவில்லை.